சுண்ணாம்பு தூவிய லாயம்

பள்ளிகளுக்கிடையிலான குதிரையேற்றப் போட்டி ஒரு வாரம் நடந்தது. அதில் கலந்துகொண்ட ஒரு பெண்ணை அவளுடைய பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் குதிரைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். திங்களன்று அவளுடைய குதிரை கருப்பிக்குக் கடுமையான வயிற்றுவலி கண்டது.

"டாக்டர் பாத்துக்கறாரு. நீ லாயத்துப் பக்கம் வராத, அது மிரளும்," என்றார் அப்பா. அவளுக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். அவர் பேச்சைத் தட்டாமல் இரவல் குதிரையில் ஏறித் தடைகளைத் தாண்டினாள். சனிக்கிழமை முதல் பரிசும் வாங்கிவிட்டாள்.

வாங்கிய கையோடு லாயத்துக்கு ஓடினாள். கருப்பியின் அறையில் வைக்கோல் இல்லை. தரையைச் சுரண்டிக் கழுவி, வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். குதிரை செத்தால்தான் அங்கே அப்படிச் செய்வார்கள்.

அப்பா பின்னால் வந்து நின்றார்.

"என்னிக்குப்பா?"

"புதன்கிழமை."

"செவ்வாய்க்கிழமை கெஞ்சினேனே, ஒரே ஒரு தடவை பாக்கறேன்னு. அப்ப உயிரோடதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. பொழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ பாத்தா இடிஞ்சு போயிருப்பம்மா. அப்புறம் எப்படிப் போட்டியில ஏறுவ?"

"அம்மாவுக்கும் தெரியுமா?"

"தெரியும்மா," என்றார் அப்பா. அன்று காலை சடை பின்னும்போதுகூட, "கருப்பி நல்லா தீனி தின்னுதாம்டி" என்று சிரித்த முகமாகச் சொன்னவள் அம்மா.

வெளியே குழுப் புகைப்படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

"வாம்மா, எல்லாரும் காத்திருக்காங்க. அப்புறம் அதைப் பொதைச்ச எடத்தைக் காட்டறேன்."

"வேணாம்ப்பா," என்றாள். "நான் டாக்டரையே கேட்டுக்கறேன். நீங்க காட்டினா அது அந்த எடந்தானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கும்."