ஊட்டுகிற கை

"சட்டையில எண்ணெய் வாசனை வரதுன்னா, பின்ன அது என்ன, பார்க்குல..."

"வாசனை வந்தா நான் தின்னேன்னு அர்த்தமா? நீ எதையும் முழுசா..."

"பார்க்குல பஜ்ஜி காய்க்கறதான்னு கேக்கறேன். பதில் சொல்லுங்கோ."

"முழுசாக் கேக்க மாட்டேங்கறே. அதான் உன் வியாதி."

"எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. வரவும் விட மாட்டேன்."

ஹைதராபாத் சைனிக்புரியில் அந்தத் தெரு இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பு ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷமான ஸ்ரீனிவாசன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார். உள்ளே விடாமல் குறுக்கே நின்றாள் அவர் மனைவி பட்டு. இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடுவில் சுஷ்மா, அவர்கள் மகள். நாற்பதைத் தாண்டிவிட்டாள், காதோரம் நரைகூட வந்துவிட்டது. பிறந்தபோது மூளைக்குக் காற்று போகக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்தத் தாமதம் இன்றுவரை தீரவில்லை.

பட்டுவுக்கு உயிர் மேல் தனியாக ஆசை ஒன்றும் கிடையாது. தேவை இருந்தது. அந்தத் தேவை அவளைப் பிடித்தது குகட்பள்ளியில். சுஷ்மாவோடு ஸ்பெஷல் பள்ளிக்குப் போன பானுவின் அம்மா கல்பகம் மாரடைப்பில் போனாள். அவள் புருஷனும் வருஷம் திரும்புவதற்குள் போய்ச்சேர்ந்தார். சித்தப்பா வீட்டில் இருந்த பானுவைப் பார்க்கப் பட்டு போனாள். சித்தி ஒன்றும் பொல்லாதவள் இல்லை. மூன்று வேளையும் போடுகிறோம் மாமி, தலை பின்னிவிடத்தான் யாருக்கும் நேரம் இல்லை என்று அவளே சொன்னாள். இடுப்புவரை தொங்கிய பெண்ணின் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பானு, பின்னலைத் தேடுகிறவள்போல வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்று வீடு திரும்பியதும் பட்டு ஆவக்காய் ஜாடியைக் கவிழ்த்தாள். தளிகையில் உப்பு பாதியானது. அப்பளம் பொரிப்பது நின்றது. வெள்ளைச் சாதத்தின் இடத்தில் தினையும், சோள மாவில் தட்டிய ஜொன்ன ரொட்டியும் வந்தன. கிழவர்கள் வியாதியில் சாவதைவிட விழுந்து சாவதுதான் அதிகம் என்று யாரோ சொன்னதிலிருந்து, பால் காயும்வரை அடுப்பின் முன்னால் ஒற்றைக் காலில் நின்றாள். கை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்து பழகினாள். குளியலறைத் தரையை ஈரம் போகத் துடைத்த பிறகுதான் யாரையும் உள்ளே விடுவாள். ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவாள். டிவியில் யார் அழுதாலும் சரி, சிரித்தாலும் சரி.

சுஷ்மாவைத் தனியே விட முடியாததால் நடையும் முறை வைத்துத்தான். விடிந்தும் விடியாமல் பட்டு போய் வருவாள். அவள் வந்து குளித்துப் பெருமாளுக்கு விளக்கேற்றும்போது ஸ்ரீனிவாசன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்புவார். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நடந்து எத்தனையோ வருஷமாயிற்று. இன்று அந்த இரண்டாவது நடையிலிருந்துதான் எண்ணெய் வாசனை வந்திருந்தது.

பட்டு அத்தோடு விடவில்லை. போன தடவை ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்ததைச் சொன்னாள். அவர் அப்பா எந்த வயதில் போனார் என்பதையும், எதைத் தின்று போனார் என்பதையும் எடுத்து வைத்தாள். ஸ்ரீனிவாசன் இதையெல்லாம் பழகிய காதோடு கேட்டுக்கொண்டார். அப்போதுதான் பட்டுவின் பார்வை மகள் பக்கம் போனது. சுஷ்மாவின் குர்த்தாவில், மடிப்பக்கம், வேர்க்கடலைச் சட்னி காய்ந்திருந்தது.

"குழந்தை மேல ஏன் சட்னி?"

அவர் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"உங்களைத்தான். அவ என் கையைத் தவிர வேற யார் கையிலயும் வாங்கிக்க மாட்டாளே. யார் ஊட்டினா?"

"யாரும் ஊட்டலை. அவளே சாப்பிட்டா."

பட்டு சிரித்தாள். நல்ல தமாஷ் கேட்ட மாதிரிதான் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் அவள் சிரிப்பும் நின்றது.

கடைத்தெரு முனையில் தள்ளுவண்டியில் நிற்கும் இட்லி பண்டியைப் பற்றி ஸ்ரீனிவாசன் சொல்ல ஆரம்பித்தார். மாதக்கணக்காக அங்கேதான் போகிறாராம். ஒரு ஸ்டூலில் மகளை உட்கார்த்தி, தட்டை எதிரில் வைத்து, ஸ்பூனைக் கையில் கொடுத்துவிட்டு, பஜ்ஜிச் சட்டிக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்றுகொள்வாராம். முதலில் எல்லாவற்றையும் வேண்டாம் என்று, ஹைதராபாத் பேச்சில் "நக்கோ, நக்கோ" சொல்லி, தள்ளிவிட்டாளாம். தட்டு எத்தனையோ தடவை ரோட்டில் விழுந்ததாம். அப்புறம் ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது கன்னம் உப்பியிருந்ததாம். அவர் வாயில் பஜ்ஜி படவே இல்லை என்பதையும், கொஞ்சம் ரோஷத்தோடு, சொல்லி வைத்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று பட்டு கேட்டாள். குரல் இறங்கிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியாததா? ஸ்பெஷல் பள்ளி டீச்சர் ஒருத்தி சுஷ்மாவுக்கு ஸ்பூன் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று உண்டு. வீட்டிலும் பழக்குங்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். பட்டு பழக்கவில்லை. பெருமாள் சன்னதியில் அவள் ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தாள்: இந்தப் பெண்ணுக்கு என் கையை விட்டால் வேறு கை இல்லை, அதனால் என்னை எடுக்கிற யோசனையே உனக்கு வரக்கூடாது. சுஷ்மா தானாகச் சாப்பிட்டுவிட்டால் அந்தப் பேச்சு என்ன ஆவது? தினையும் நடையும் உடம்புக்கு. உயிருக்கு அவள் நம்பியிருந்தது இதைத்தான். அவரிடமும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அவர் அன்று மறுத்துப் பேசவில்லை. அது தப்பாகப் போயிற்று என்று பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

"உனக்குக் கண் ஆபரேஷன் ஆச்சே, அன்னிக்கு ஞாபகம் இருக்கா?" என்றார்.

இல்லாமல் என்ன. கட்டுப் போட்ட கண்ணோடு சாயங்காலம் வந்து இறங்கினாள். காலையிலிருந்து ஒரு வாய்கூட வாங்காமல் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சுஷ்மா, அம்மாவைக் கண்டதும் வாயைத் திறந்தாள். ஒற்றைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பட்டு தயிர்சாதம் ஊட்டினாள். எனக்காகக் காத்திருந்தது என் குழந்தை என்று அக்கம்பக்கத்தில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ அதைச் சந்தோஷமாச் சொல்லிண்டே. நான் அன்னிக்குப் பூரா அவ வாயைத்தான் பார்த்துண்டு இருந்தேன். தண்ணிகூட எறங்கலை, பட்டு. நீ போயிட்டா இவ பின்னாடியே பட்டினி கிடந்து வந்துடுவா. அதுக்கா நீ ஒத்தைக் கால்ல நிக்கறே?"

பட்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். உப்புமாவைத் தட்டில் போட்டு, ஒரு ஸ்பூனையும் குத்தி வைத்து, மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடட்டும், பார்க்கிறேன் என்றாள். சுஷ்மா நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஸ்பூனைத் தொடவே இல்லை.

பட்டுவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "பார்த்தேளா?"

ஸ்ரீனிவாசன் ஜெயித்தவர்போலப் பேசவில்லை. நீ அங்கே போய் நில், அவள் கண்ணில் படாமல் நில் என்று மட்டும் கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கதவிடுக்கில் பட்டுவுக்கு மேஜை முழுசாகத் தெரிந்தது. சுஷ்மா கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே இருந்தாள். பிறகு மூடினாள். அம்மா போன பக்கம் ஒரு தரம் பார்த்தாள். ஸ்பூனை முஷ்டியில் பிடித்து, உப்புமாவை அள்ளி, பாதி மடியில் சிந்த மீதியை வாயில் போட்டாள். நிதானமாக மென்றாள். அடுத்த வாய்க்குத் தட்டை இடது கையால் கிட்டே இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு உண்டே, அது.

நாற்பது வருஷத்தில் பட்டு அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. கதவைப் பிடித்திருந்த கை நழுவ, கதவு சுவரில் இடித்தது.

சத்தம் கேட்டு சுஷ்மா திரும்பினாள். அம்மாவைப் பார்த்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும்போல வாயை அகலத் திறந்து காட்டினாள். பட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விரல்கள் தாமாகவே உப்புமாவை உருட்டி எடுத்துக்கொண்டன. பாதி தூரம் போன கை அங்கேயே நின்றது. சுஷ்மா வாயை மூடாமல் காத்திருந்தாள். ஸ்ரீனிவாசன் இன்னும் ஜன்னலைப் பார்த்துத்தான் நின்றார்.

"ஏன்னா," என்றாள் பட்டு, கையைத் தட்டுக்கே இறக்கிக்கொண்டு. "இனிமே நான் பெருமாள்கிட்ட என்னத்தைச் சொல்லி நாள் கேக்கறது?"