நாலு குட்டிக்குப் பதினோரு வாக்கு

நாய் குட்டி போடுவதற்கு முன்பே குட்டிகளை ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்ட மனிதர் யார் என்றால் அது சலூன்காரர்தான். ஊரில் அவருக்குக் கெட்ட பெயரே கிடையாது, அதுதான் வினை. கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, எதிரே கண்ணாடியில் தம்மைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு முகத்திடம் 'இல்லை' என்று சொல்ல அவரால் முடிந்ததே இல்லை. "உங்க வீட்டு நாய் குட்டி போடப்போகுதாமே, நமக்கு ஒண்ணு?" என்று யாராவது கேட்டால், கத்தரிக்கோல் ஒரு நொடிகூட நிற்காமல், "உங்களுக்கு இல்லாததா!" என்பார். இப்படி மேனேஜருக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் புதுமணத் தம்பதிக்கு ஒன்று, கூடப் பிறந்த அக்காவுக்கு ஒன்று என்று வாரி வழங்கியதில் கணக்கு எங்கேயோ போய்விட்டது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நாய் அவருடையது இல்லை, அவர் மனைவியுடையது. அந்த அம்மாள் வீட்டுக்குப் பின்னால் பட்டி போட்டு ஆடு வளர்க்கிறார். மந்தை நாய்களைப் பழக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நாயோ, ஆடோ, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளோ, அவர் ஒரு தடவை சொன்னால் அதோடு சரி, மறுபேச்சு இருக்காது. அதனால் தெருவே அவரை மேஸ்திரியம்மா என்று கூப்பிடும், அவருக்குக் கேட்காத தூரத்தில்.

மிளகு என்கிற அந்தக் கறுப்பு நாய்க்கு ஜோடி தேடிய கதையே தனி. வக்கீல் வீட்டு நாய் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அதற்கும் சலூன்காரர் நாற்காலியில் வைத்தே சம்மதம் சொல்லிவிட்டார். மேஸ்திரியம்மா ஒரே வார்த்தையில், "இடுப்பு எக்ஸ்ரே எங்கே?" என்று கேட்டார். வக்கீலுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் நாயையே சந்தேகப்படறீங்களா?"

"நாயைச் சந்தேகப்படலை சார். இடுப்பைத்தான். கண்ணையும் காட்டிட்டு வாங்க. அப்பன் ஆத்தாளுக்கு இருக்கிற கோளாறு போடற குட்டி அத்தனைக்கும் இறங்கும், அப்புறம் நொண்டிட்டுத் திரியறது அதுங்கதான்."

கடைசியில் மேஸ்திரியம்மா மிளகோடு அரை நாள் வண்டியில் போய், பார்ப்பதற்கு மிதியடி மாதிரி இருந்தாலும் எலும்பும் கண்ணும் குணமும் பழுதில்லாத ஒரு நாயோடு சேர்த்துவிட்டு வந்தார். வக்கீல் அன்றிலிருந்து முடிவெட்ட வரும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார். சலூன்காரர் ஆறுதலாக, "குட்டி ஒண்ணு உங்களுக்குத்தான் சார்" என்பார்.

சலூன்காரருக்கும் மனதில் ஒரு ஆசை இருந்தது. அந்த வீட்டில் மூன்று நாய்கள், மூன்றும் அவரை ஆடுகளோடு ஆடாகத்தான் வைத்திருந்தன. சாயங்காலம் கேட்டைத் திறந்ததும் மிளகு அவரைச் சுற்றி ஒரு அரைவட்டம் அடிக்கும். அவர் காய்கறிக் கூடை பக்கம் ஒதுங்கினால் இந்தப் பக்கம் தள்ளும், செருப்பு கழற்ற நின்றால் குதிகாலில் மூக்கால் குத்தும். பின்வாசல் வரை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மேஸ்திரியம்மாவைப் பார்த்து 'உருப்படி வந்து சேர்ந்தது' என்பதுபோல உட்காரும். அவரும் கட்டளை போட்டுப் பார்க்காமல் இல்லை. "படு" என்பார். நாய் நிமிர்ந்து பார்ப்பதற்குள், "படுக்கிறியாம்மா? சரி, இஷ்டமில்லன்னா விடு" என்று தாமே தள்ளுபடியும் கொடுத்துவிடுவார். அப்படிச் சொன்னால் எந்த நாய் படுக்கும்? தம் முகத்தைப் பார்த்து, தம் வார்த்தைக்கு நிற்கிற ஒரு நாய், ஒரே ஒரு நாய் வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் மிளகு குட்டி போட்டது. சலூன்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவந்து, மிளகு படுத்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்து எண்ணினார். மறுபடி எண்ணினார். மிளகின் வயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருக்குமோ என்று துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"நாலுதானா?"

"ஏன், உங்களுக்குக் குறையுதா?" மேஸ்திரியம்மா கையைத் துடைத்தபடி அவரை ஒரு பார்வை பார்த்தார். "யாருக்கு வாக்குக் குடுத்தீங்க?"

சலூன்காரர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பத்து விரலும் முடிந்து, கட்டைவிரலுக்குத் திரும்ப வந்தார். மேஸ்திரியம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சலூன்காரருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மேட்டுக்காரம்மாவுக்கு. பெரிய மந்தை, நாய் செத்துப்போச்சு, போன வருஷமே வந்து சொல்லிவெச்சாங்க. ரெண்டுக்கு நான் ஆள் பார்த்தாச்சு, வீடு போய்ப் பார்த்தாச்சு. மிச்சம் ஒண்ணு."

"அது எனக்கு" என்றார் சலூன்காரர். எப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மேஸ்திரியம்மா பெட்டியில் விலகிக் கிடந்த துணியைச் சரிசெய்தார். "சரி. அந்தப் பதினோரு பேர்கிட்டயும் நீங்களே இல்லன்னு சொல்லணும். 'வீட்டுக்காரி குடுக்க மாட்டேங்கிறா'ன்னு என் தலையில கட்டக் கூடாது. சொல்லி முடிச்சீங்கன்னா அந்தக் குட்டி உங்களுது."

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சலூன்காரர் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். "இல்லை" என்றார். கண்ணாடியில் இருந்த முகம் அப்படியே சுருங்கிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், "சரி, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் வந்தது மேனேஜர். முகச்சவரம். கத்தி தொண்டைக்குக் கீழே வந்தபோது சலூன்காரருக்குத் திடீரென்று தைரியம் வந்தது. கைதான் வெடவெடவென்று நடுங்கியது.

"சார், குட்டி விஷயம். உங்களுக்கு இல்ல சார்."

மேனேஜர் கத்தியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "எனக்கு எதுக்குப்பா நாய்?" என்றார் உதடு அசையாமல். "நான் கேட்டேனா? நான் கேட்கவே இல்லையே!"

இது நியாயமான வெற்றி இல்லைதான். ஆனாலும் அன்று சலூன்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அடுத்தது வக்கீல். அவர் சும்மா விடுவாரா? வாய்மொழி வாக்குறுதியும் வாக்குறுதியே என்று முடியெல்லாம் வெட்டி முடிக்கிற வரைக்கும் வாதாடினார். சலூன்காரர் வேறு வழி தெரியாமல் மனைவி கேட்கிற கேள்வியையே எடுத்துவிட்டார்.

"பகல்ல வீட்ல யாரு சார் இருப்பா? இது வேலை பார்க்கிற ஜாதி. ஓட்டமும் வேலையும் இல்லாம கட்டிப்போட்டா சோபாவைத் தின்னுடும், அப்புறம் உங்க கேஸ் கட்டைத் தின்னும்."

வக்கீல் கேஸ் கட்டுகளை நினைத்துப் பார்த்துவிட்டு வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். ஐந்தாம் மாடித் தம்பதி பால்கனி இருக்கிறதே என்றார்கள். இன்னொரு அம்மாள் திரைச்சீலை நிறத்துக்குப் பொருத்தமான குட்டியாகக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் இல்லை சொல்லச் சொல்ல அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுலபமானது.

அக்காதான் மலை. நேரே கடைக்கே வந்து உட்கார்ந்தாள்.

"டேய், உன்னை இடுப்பில தூக்கிச் சுமந்தவடா நான். மாமாவை டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். அசைய மாட்டேங்கிறார். நாய் இருந்தா அதைக் கூட்டிட்டாவது நடப்பாருல்ல?"

"மாமாவை நடக்கவைக்க நாய் எதுக்குக்கா? நீ வீட்ல பேச ஆரம்பி, அவர் தானா ஊரைச் சுத்தி வருவார்."

சொல்லிவிட்டுச் சலூன்காரரே வாயைப் பொத்திக்கொண்டார். காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு குலுங்கினார். அக்கா எழுந்துபோனவள் அப்புறம் பேசவில்லை. மாமா மட்டும் ரகசியமாக வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார், நடந்தே.

இதற்கிடையில் வீட்டில் குட்டிகளின் பள்ளிக்கூடம் நடந்தது. குடையை விரித்துக் காட்டுவது, தட்டைக் கீழே போடுவது, மணல், சாக்கு, வழவழத்த தரை என்று எல்லாவற்றிலும் நடக்கவிடுவது, புது ஆட்களின் மடியில் உட்காரவைப்பது என்று எதையும் மேஸ்திரியம்மா விட்டுவைக்கவில்லை. பயப்படாத நாய்தான் பாதுகாப்பான நாய் என்பார். சலூன்காரர் தம் பங்குக்கு ஹேர் டிரையரையும் முடிவெட்டும் மெஷினையும் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார். வீடு மாறிப்போகிற குட்டிக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நால்வரில் பெரியவனை எல்லாரும் குண்டன் என்றது பெயரில் சேராது. ஆனால் காது நுனியில் வெள்ளை வைத்த பொடிசுக்குச் சலூன்காரர் எள்ளு என்று பெயர் வைத்து, யாரும் இல்லாதபோது கூப்பிடுவார். அது வாலாட்டிக்கொண்டு வரும்.

பதினோராவது ஆளிடமும் இல்லை சொல்லி முடித்த அன்று மேஸ்திரியம்மாவிடம் வந்து நின்றார். "எள்ளு எனக்கு." மேஸ்திரியம்மா, "சரி" என்றார். அன்று முழுக்க ஆடுகளிடம் எரிந்து எரிந்து விழுந்தார்.

தடுப்பூசி எல்லாம் போட்டுக் கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் எள்ளைச் சலூன்காரர் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோனார். அது வந்ததும் வராததுமாகத் தரையோடு பதுங்கி, பெஞ்சில் இருந்த மூன்று பேரையும் உற்றுப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு காலாகத் தள்ளித் தள்ளி, மூன்று பேரையும் ஒரே மூலையில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காருகிற அளவுக்குச் சேர்த்துவிட்டது. பாதிச் சவரத்தில் எழுந்தவரைத் திரும்ப நாற்காலிக்கு ஓட்டிவந்தது. கடை சிரிப்பில் அதிர்ந்தது. சலூன்காரர், "படு" என்றார். ஒரே தடவை, இத்தனை நாள் இல்லை சொல்லிப் பழகிய அதே குரலில். எள்ளு சட்டென்று படுத்து, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாயங்காலம் ஆள் குறைந்தது. ஓட்டுவதற்கு யாரும் இல்லாமல் எள்ளு காலி நாற்காலியைச் சுற்றத் தொடங்கியது. முதலில் அவர் சிரித்தார். அது நிற்கவில்லை. ஒரே வட்டம், ஒரே வேகம், கூப்பிட்டால் காது திரும்பவில்லை, கண்ணில் ஆள் இல்லை. கையில் தூக்கிக்கொண்ட பிறகும் அதன் கால்கள் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. அன்று அவர் அதை மனைவியிடம் சொல்லவில்லை.

மேட்டுக்காரம்மா குட்டியை எடுத்துப்போக வந்தார். வெயிலில் கறுத்த, பேச்சு குறைவான பெண். அவருக்கென்று ஒதுக்கியிருந்தது குண்டன். பட்டிக்குள் விட்டதும் குண்டன் ஒரு கிடாயைப் பார்த்தான், திரும்பி வந்தான், மேட்டுக்காரம்மாவின் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனான். அதே நேரம் கேட்டின் இடுக்கில் நுழைந்து எள்ளு உள்ளே போயிருந்தது. தன்னைப்போலப் பத்து மடங்கு இருந்த அந்தக் கிடாய்க்கு எதிரே தரையோடு படுத்து, கண்ணெடுக்காமல் பார்த்தது. கிடாய் ஒரு அடி பின்னே வைத்தது. எள்ளு ஒரு அடி முன்னே வைத்தது. கடையில் ஆள் இல்லாமல் போயிருந்த அந்தக் கண்ணில் இப்போது ஆள் இருந்தது.

மேட்டுக்காரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியம்மாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, "குண்டன் இன்னும் சின்னவன்தானே, போகப்போகத் தேறிடுவான்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து மேஸ்திரியம்மா ஒரு நாயைப் பற்றி இப்படி மழுப்பி அவர் கேட்டதே இல்லை. தமக்காகத்தான் இந்தப் பொய் என்று சலூன்காரருக்குப் புரிந்தது. பேசாமல் இருந்துவிட்டால் எள்ளு வீட்டில் இருக்கும். பேசாமல் இருப்பதுதான் எவ்வளவு சுலபம்!

"இல்ல" என்றார் சலூன்காரர். "அவன் தேற மாட்டான். எள்ளைக் கொண்டுபோங்கம்மா."

"ஏங்க, அது உங்க குட்டி" என்றார் மேஸ்திரியம்மா.

"என் குட்டிதான். அதான் சொல்றேன்."

மேட்டுக்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எள்ளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்ல சாதி. வர்ற வருஷமே ஒரு ஈத்துக் குட்டி எடுத்துடலாம்" என்றார்.

"இல்ல" என்றார் சலூன்காரர் மறுபடி. "ரெண்டு வயசு தாண்டணும். இடுப்பு எக்ஸ்ரே எடுக்கணும், கண்ணைப் பார்க்கணும். எல்லாம் சரியா இருந்தாத்தான் அந்தப் பேச்சு. வெச்சுக்க முடியலன்னா எங்கிட்டயே திரும்பக் கொண்டாரணும், வேற யார் கைக்கும் போகக் கூடாது. முடியாதுன்னா இப்பவே கீழ விட்டுருங்க."

குரல் கடைசியில் உடைந்தது, ஆனால் ஒரு சொல்லையும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டுக்காரம்மா மேஸ்திரியம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவரிடமே தலையாட்டிவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் சலூன்காரர் பட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு, ஆடுகள் பார்க்குமே என்றுகூட இல்லாமல் அழுதார். மேஸ்திரியம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"குண்டனைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. அவனுக்குத் தூங்க இடம் இருந்தாப் போதும்."

"எனக்கு எள்ளுதான் வேணும்" என்றார் சலூன்காரர் மூக்கை உறிஞ்சியபடி.

"தெரியும்." கொஞ்ச நேரம் வேலிக் கம்பியை நகத்தால் சுரண்டினார். "உங்களால பதினோரு பேர்கிட்ட இல்லன்னு சொல்லவே முடியாதுன்னு நினைச்சுத்தாங்க அன்னைக்கு அப்படிச் சொன்னேன். எள்ளு இங்க இருந்தாக் கெட்டுப்போகும்னு எனக்கு எப்பவோ தெரியும். தினமும் சொல்லிடணும்னுதான் நினைப்பேன். நீங்க ஒருத்தருக்கு இல்லன்னு சொல்லிட்டு, சின்னப் புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டு கேட்டைத் திறந்துட்டு வருவீங்க. எனக்கு வாயே வரல."

ஊருக்கே இல்லை சொல்கிற வாய்க்கு இல்லை என்று சொல்ல வராத ஒரே ஆள் தாம்தான் என்பது, இத்தனை வருஷம் கழித்து, அந்த வேலியோரத்தில்தான் சலூன்காரருக்குத் தெரிந்தது. எள்ளு போன துக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர், இப்போது எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் அழுதார்.