பத்து நிமிடப் பரிமாற்றம்

முதல் வரிசையில் நிதி கொடுத்த அறக்கட்டளைக்காரர்கள் ஆறு பேர். இரண்டாவதில் அவர்களுடைய கோட்டுகள். மூன்றாவதிலிருந்து சுவர் வரைக்கும், இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த நம்மவர்கள்: கிடங்கில் பெட்டி கட்டுகிறவர்கள், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர்கள், அழைப்பிதழைத் தப்பாகப் படித்துவிட்டுப் பசியோடு வந்திருந்த பஸ் ஓட்டுநர். மேடையில் இந்த ஊர் வாத்தியக்காரர்கள் இருபத்திரண்டு பேர், நாற்காலிகளில். மேடைப் படியில், மடியில் வயலின் பெட்டியோடு, மொழிபெயர்ப்பாளரின் கணவர்.

அழைப்பிதழைத் தமிழில் எழுதியது அந்த மொழிபெயர்ப்பாளர்தான். 'கலாச்சாரப் பரிமாற்றம்' என்று போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் அவர்கள் வாசிப்பார்கள்; கடைசிப் பத்து நிமிடம் அவள் கணவர். அதற்காக அவர் கிடங்கில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு இரண்டு மாதம் சாதகம் பண்ணினார். இந்த ஊருக்கு வந்த எட்டு வருஷத்தில் நாலு பேர் எதிரில் வாசிக்கப்போவது அன்றுதான்.

முறை வந்ததும் மேடையில் போர்வையை விரித்தார். அமைப்பாளர் அம்மாள் சிரித்தபடியே ஓடி வந்தார். மேடைத் தரையில் யாரும் உட்காரக் கூடாதாம், காப்பீட்டு விதியாம். நாற்காலி தருகிறோம் என்றார். நம்ம கச்சேரி முறையில் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றினால்தான் இவருக்கு விரல் நகரும். அவள் அதை மொழிபெயர்த்தாள்.

"எங்க ஆளுங்க எல்லாரும் நாற்காலியிலதானே வாசிச்சாங்க?" என்றார் அமைப்பாளர். பிறகு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி, இவருக்காகக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். அவர் கும்பிட்டுவிட்டு, போர்வையை நாலாக மடித்துக்கொண்டு இறங்கினார்.

வெளியே பஸ் ஓட்டுநர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பரிமாற்றம்னு போட்டிருந்தியே, நான் ஏதோ பரிமாறுவாங்கன்னு வந்துட்டேன்."

"அதான் ஒரு மணி நேரம் பரிமாறினாங்களே அண்ணே."

"அவங்க பரிமாறினாங்க, நாம வாயைத் திறக்காம சாப்பிட்டோம். மாப்பிள்ளை சமைச்சதை அடுப்பை விட்டே இறக்க விடலையே."

கணவரும் சிரித்தார்.

திங்கட்கிழமை அமைப்பாளர் அவளுக்கு எழுதியிருந்தார். பரிமாற்றம் சிறப்பாக நடந்தது என்று உங்கள் மக்கள் சார்பில் நீங்கள் அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதம் இருந்தால்தான் அடுத்த வருஷ நிதி; நிதி வந்தால் உங்கள் கணவருக்கு நிச்சயம் இடம் உண்டு, நாற்காலியில்.

"எழுதிடு," என்றார் கணவர். "நாற்காலியிலயே பழகிக்கிறேன்."

"முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்ங்க."

"ஒரு வருஷம் இருக்குல்ல. நீ எழுது."

சமையலறை நாற்காலியைப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவள் தேதி போட்டாள், அறக்கட்டளையின் விலாசம் எழுதினாள், 'மதிப்பிற்குரிய' என்று அவர்கள் மொழியில் தொடங்கினாள். உள்ளே வயலின் மோவாய்க்கு அடியில் நிற்காமல் நழுவியது. நாற்பது வருஷக் கை, ஒரு ஸ்வரத்துக்கு மூன்று தரம் தடுமாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தியும் கேட்டது.

உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். 'அன்று உங்கள் ஆட்கள் வாசித்தார்கள், நாங்கள் கேட்டோம். எங்கள் ஆள் வாசிக்க வந்தார், நீங்கள் கேட்கவில்லை. இதற்கு உங்கள் மொழியில் பரிமாற்றம் என்று பெயரா, தெரியாது. எங்கள் மொழியில் இல்லை. இனி அழைப்பிதழ் எழுத வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி அமைப்பாளரிடம் சொல்லவும்.'

"எழுதிட்டியா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எழுதிட்டேங்க."

"நல்லதா எழுதினியா?"

"உள்ளதை எழுதியிருக்கேன்," என்றாள். உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.