மஹ்ரூப் காக்காவின் பைப்

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய் இரண்டு வருடங்களில், பட்டினசபை மெம்பராக இருந்த அப்பா இரண்டாவது முறை தேர்தலில் நின்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் இருக்கவில்லை. மேட்டில் அப்பாவுக்கு வாக்குப் போடுகிறவர்கள் இருந்தார்கள். ஒழுங்கை இறங்கி முடிகிற இடத்தில் மஹ்ரூப் காக்காவின் தேநீர்க்கடை. அந்த முறை அப்பாவை எதிர்த்து நின்றவரும் அவர்தான்.

குழாயை மேட்டில் வைப்பதாகத்தான் அப்பா சொல்லியிருந்தார். சோதித்துப் பார்த்தபோது அங்கே காற்றுத்தான் வந்தது. கீழே, கடை வாசலில், தண்ணீர் பாய்ந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தில் அது விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அப்பா அங்கேயே வைக்கச் சொன்னார்.

"வோட்டையும் வாளியில அள்ளிக் குடுத்திட்டு வாறியள்," என்றார் அம்மா.

"வராத தண்ணிக்குப் பைப் வைச்சு என்ன செய்யிறது?"

எங்கள் பக்கத்தில் எதைத் திறந்தாலும், அதைக் கொண்டுவந்தவர்தான் கூடியவர்களுக்குச் சர்பத் கொடுப்பார். குழாய் திறந்த அன்று அப்பா அதை மறந்துபோனார். வாளி வைக்கக் கல் தேடிக்கொண்டிருந்தார். சனம் வெயிலில் நிற்பதைப் பார்த்த மஹ்ரூப் காக்கா, கசகசா போட்ட சர்பத்தை எல்லோருக்கும் கொடுத்தார். அப்பாவும் இரண்டு கிளாஸ் குடித்தார்.

மறுநாளே அது மஹ்ரூப் காக்காவின் பைப் ஆகிவிட்டது.

"நான் வைக்கல்ல, மெம்பர்தான் வைச்ச," என்று காக்கா எல்லோரிடமும் சொன்னார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று அவருக்கு இன்னும் வாக்குகள் கூடின.

அப்பா தோற்றார். அன்று சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "இனி என்னை ஆர் தேடி வரப்போகினம்?" என்றார்.

விடிந்ததும் கீழ்ப்பக்கத்து உம்மு குல்சும் வாசலில் நின்றார்.

"மெம்பர், ஊத்தத் தண்ணி ஓடுற கான் அடைச்சு வீட்டுக்குள்ள வருது. வந்து பாருங்க."

"நான் தோத்திட்டன். புது மெம்பரிட்டப் போங்கோ."

"அவருக்குக் கடையில வேலை. நீங்கதானே இப்ப சும்மா இரிக்கீங்க."

"நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"அவருக்குத்தான். சர்பத்தக் குடிச்சிட்டு வேற ஆளுக்குப் போட ஏலுமா?"

அப்பா சிரித்துவிட்டார். கான் எந்த இடத்தில் அடைத்தது என்று கேட்டுக்கொண்டே அவருடன் இறங்கிப் போனார்.

அதன் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனால் நான் படித்து முடிக்கும்வரை காலையில் எங்கள் வாசலில் யாராவது நிற்பார்கள். எல்லோரும் மெம்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். சபைக் கூட்டத்துக்கு முதல்நாள் மஹ்ரூப் காக்காவும் வருவார், நாளைக்கு என்ன கதைப்பது என்று கேட்க.