டிரைவர் நாற்காலியில் கேட்காத பேஸ்

ஸ்பீக்கர் கடையில் எல்லோரும் அவரை, கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பேரால், ‘ரசமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்குப் போய் ஸ்பீக்கர் பொருத்திக் கொடுப்பது அவர் வேலை. பாட்டு எப்படிப் பதிவானதோ அப்படியே, ஏற்ற இறக்கமில்லாமல் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. பேஸை, அந்தத் தாழ்ந்த ‘தும் தும்’ சத்தத்தை, கூட்டச் சொல்பவருக்குக் காதே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

அன்று காலை போன வீட்டில், கதவு திறந்ததுமே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது.

“வாங்க தம்பி, நீங்களே நியாயம் சொல்லுங்க,” என்றார் வீட்டுக்காரம்மா. வீட்டிலேயே துணி தைப்பவர். “ரெண்டு வருஷமா இந்த மனுஷன் பேஸை ஏத்தி ஏத்தி என் மண்டையைப் பிளக்கிறாரு.”

“இவ ஊதிப் பெருசாக்குறா,” என்றார் கணவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். “கடைசி வரைக்கும் திருப்பி வச்சாலும் டிரம் சத்தம் தகர டப்பா மாதிரிதான் கேக்குது.”

முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்தவர், காது போயிருக்கும் என்று ரசமட்டம் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார். ஒப்புக்குச் சத்தம் அளக்கும் மைக்கை எடுத்து, அறை நடுவே இருந்த டிரைவரின் நாற்காலியில் வைத்து அளந்தார். லேப்டாப் திரையில் கோடு, தாழ்ந்த சத்தம் வரவேண்டிய இடத்தில் பள்ளமாக விழுந்தது. வயரைச் சரிபார்த்தார். பழுதில்லை. மைக்கைப் பின்சுவரை ஒட்டிய சோபாவுக்குக் கொண்டுபோனார். அந்த அம்மா உட்காரும் இடம். அங்கே அதே கோடு குன்றாக எழுந்து நின்றது.

ரசமட்டம் மைக்கைக் கீழே வைத்தார்.

“ரெண்டு பேரும் இடம் மாத்தி உக்காருங்க,” என்று ஒரு பாட்டைப் போட்டார்.

சோபாவில் டிரைவர் துள்ளிவிட்டார். “அடேயப்பா, நெஞ்சுல வந்து குத்துதே! இதுலயா நீ உக்காந்திருந்த?”

அந்த அம்மா நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கேட்டார். “இங்க ஒண்ணுமே இல்லையேங்க. நீங்க வேணும்னே பண்றீங்கன்னுல்ல நான்...”

“தாழ்ந்த சத்தம் சுவர்ல மோதித் திரும்பி வரும். சுவரோரம் ஒண்ணு சேர்ந்துக்கும், நடுவுல ஒண்ணை ஒண்ணு அமுக்கிடும்,” என்றார் ரசமட்டம். “ரெண்டு பேரும் சொன்னது நெசந்தான்.”

“போன மாசம் நாலு நாள் பேச்சு வார்த்தையே இல்ல, தம்பி,” என்றார் அம்மா. டிரைவர் தரையைப் பார்த்தார்.

மூவரும் சேர்ந்து சோபாவைச் சுவரிலிருந்து இழுத்தார்கள், நாற்காலியை முன்னே தள்ளினார்கள், மூலையில் கிடந்த பேஸ் பெட்டியை நகர்த்தினார்கள். ஒரு மணி நேரம் மூச்சு வாங்கியது. பேஸ் பூஜ்யத்தில் இருக்க, இரண்டு இடத்திலும் கோடு ஏறக்குறைய நேராக வந்தது. ரசமட்டத்துக்கு மனம் நிறைந்தது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் டிரைவர், சுரத்தில்லாமல். ரசமட்டம் கேட்காதது போல மைக் வயரைச் சுருட்டினார்.

அந்த அம்மாதான் கணவர் முகத்தைப் பார்த்தார். “கொஞ்சம் ஏத்தி வைங்க தம்பி. இவருக்கு அடியில ஒரு அதிர்வு இருந்தாத்தான் பாட்டு ஓடுற மாதிரி இருக்கும்.”

அது தப்பு என்று சொல்ல வாயெடுத்த ரசமட்டம், பேஸை இரண்டு புள்ளி ஏற்றினார். டிரைவரின் கால் தானாகத் தாளம் போட்டது.

“இன்னும் ஒண்ணு வைக்கவா, சார்?” இத்தனை வருஷத்தில் ரசமட்டம் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

டிரைவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“போதும்,” என்றார் அவரே.