மாப்பிள்ளையின் நாட்டை விசாரித்தவன்

பெண்ணுக்குச் சம்பந்தம் பேசி வந்தால் மாப்பிள்ளையை விசாரிக்காமல் விடுகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. பாரிசில் அது பெரிய வேலையுமில்லை. கார் து நோர் ரயில் நிலைய வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றால் போதும். பையனுடைய ஊர்க்காரன் எவனாவது வந்து சேருவான். பையன் குடிப்பானா, தகப்பன் யாரோடு எல்லை வேலிக்குச் சண்டை பிடித்தார் என்பது வரைக்கும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போவான். சவிரிமுத்துவுக்கு வந்த சிக்கல் வேறு. அவனுடைய தங்கை மரியகொறற்றிக்குப் பேசி வந்த லோறன்ஸ், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில், யாரும் கேள்விப்படாத ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தான். அந்தத் திசையில் விசாரிக்க ஒரு தெரிந்த முகமும் இல்லை.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் ரூ பெர்தொனே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த பியட்றிஸ். லோறன்ஸ் அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆகவே அவள் சொல்கிற நல்லதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஈஸ்டருக்கு முன் பதில் சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள் என்றாள். கொறற்றிக்கு அந்த எண்பத்தெட்டாம் ஆண்டில் முப்பத்திரண்டு வயது. படத்தைப் பார்த்தாள், தொலைபேசியில் இரண்டு தரம் பேசினாள், தனக்குப் பிடித்திருக்கிறது, அண்ணை சரியென்றால் சரி என்று சொல்லிவிட்டாள்.

அண்ணை விசாரிக்கத் தொடங்கினான். ஆளை விசாரிக்க வழியில்லை, ஆகவே நாட்டை விசாரித்தான். சனிக்கிழமைகளில் போபூர் நூலகத்துக்குப் போய், அமெரிக்கப் புள்ளிவிவரத் தொகுப்பை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இருபத்துநாலு கோடிச் சனத்தின் குணமும், பாவம், அந்த லோறன்ஸின் ஒற்றைத் தலையில் வந்து விழுந்தது. அங்கே ஒரு வருடத்தில் நடக்கிற கலியாணங்களில் பாதியளவுக்கு விவாகரத்தும் நடக்கிறது என்று முதல் கிழமை கொண்டுவந்தான். அடுத்த கிழமை, கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர்கள் பத்தில் நாலு பேர்தானாம். பிறகு, ஜனாதிபதித் தேர்தலில்கூட ஏறக்குறைய பாதிப்பேர் வாக்குப் போடுவதில்லையாம். வாக்குப் போடச் சோம்பல்படுகிறவன் பெண்டாட்டியை எப்படிப் பார்ப்பான் என்று கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக எப்போது வாக்குப் போட்டோம் என்று கொறற்றி திருப்பிக் கேட்டாள். அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நல்ல மனிதன்தான் சவிரிமுத்து. ஏனிந்தப் பிடிவாதம் என்று யாராவது கேட்டிருந்தால் தங்கச்சியின் நன்மைக்காக என்றுதான் சொல்லியிருப்பான். சொன்னதை அவனே நம்பியும் இருப்பான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்த வீட்டுக்கு அவன் வெற்றி முகத்தோடு வந்தான். கொறற்றி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் வருடத்துக்கு இருபதினாயிரம் கொலை நடக்கிறது என்றான். செத்தவரின் வயது, ஆணா பெண்ணா, துவக்காலா கத்தியாலா, கொன்றவன் தெரிந்தவனா இல்லையா என்பது வரைக்கும் புத்தகத்தில் இருப்பதை விளக்கினான். இதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.

கொறற்றி கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரையும் எண்ணி வைச்சிருக்கினமோ?"

"ஓம் பிள்ளை. ஒருத்தரையும் விடேல்லை."

"அப்ப எங்கடை சூசையை எந்தப் புத்தகத்திலை எண்ணியிருக்கு, அண்ணை?"

சூசைநாதன் அவர்களுடைய தம்பி. இரண்டு வருடத்துக்கு முன் மன்னாரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டவன். அம்மா ஏறி இறங்காத முகாம் வாசலில்லை. அப்படி ஒருவனே தங்களிடம் இல்லை என்று எல்லா வாசலிலும் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறவர்களிலும் அவன் இல்லை, செத்தவர்களிலும் இல்லை. அம்மா கண்மூடிய பிறகு அந்தப் பெயரை இந்த வீட்டில் இரண்டு பேரும் எடுத்ததில்லை.

சவிரிமுத்துவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவள் எதற்கு இப்போது அதை இழுக்கிறாள் என்று வாயெடுத்தான். ஆனால் வந்தது வேறு.

"அவனும் இல்லை. நீயும் போனா நான் ஆரோடை பிள்ளை இருக்கிறது?"

சொன்ன பிறகு அவனுக்கே திகைப்பாக இருந்தது. இத்தனை சனிக்கிழமையும் எதைத் தேடி அந்தப் புத்தகத்தைப் புரட்டினான் என்று விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கொறற்றி ஏசவில்லை. நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் நிண்டிருப்பன், அண்ணை. இப்பவும் நில் எண்டு சொல்லுங்கோ, நிக்கிறன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு சொல் போதும், அவள் நின்றுவிடுவாள். பியட்றிஸுக்கு வேறு பெண் கிடைப்பாள், இந்தக் குசினியில் விளக்கு எரியும். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால் அவளுக்குப் பதிலே சொல்லாமல் எழுந்து, கழற்றிய கோட்டைத் திரும்பவும் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நடந்தான். கார் து நோரில் இறங்கி நேரே ரூ பெர்தொனேக்குப் போனான்.

பியட்றிஸ் கடையின் இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கியிருந்தாள். அவன் குனிந்து உள்ளே வந்தான். இவ்வளவு நாளாய் அப்படி என்னதான் விசாரித்தாய் என்று அவள் சலித்துக்கொண்டாள்.

"விசாரிச்சு முடிஞ்சுது, அக்கா," என்றான் சவிரிமுத்து. "அந்தப் பக்கத்திலை ஒரு குறையும் இல்லை. கெதியா நாளைக் குறியுங்கோ, நான் மனம் மாற முந்தி."