பத்தாவது பாஸ்

நேர்காணலுக்கு முந்தின நாள் அம்மா என் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை, நகத்தைத்தான் பார்த்தாள். பட்டாசு மருந்தில் கலக்கிற வெள்ளிப்பொடி நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டு, விரல் சிவக்கிறவரை தேய்த்து எடுத்தாள்.

"வேலைக்குப் போனத வாயத் தொறந்து சொல்லிராத. எம்மகள்னும் சொல்லாத. மருந்து தொட்ட கைன்னு தெரிஞ்சா ஷெட்டுக்குத்தான் அனுப்புவாக. நாற்காலி தரமாட்டாக."

அம்மா பொன்னுத்தங்கம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருசமாகக் கூலி. அதே கம்பெனி லேபில் மருந்தைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு ஆள் எடுக்க, மேனேஜர் காசிராஜன் சூலக்கரை வேலைவாய்ப்பு முகாமுக்கு வருவதாகச் சேதி. நான் பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. அந்த நாற்காலி கிடைத்தால் அம்மாவை ஷெட்டிலிருந்து எழுப்பி வீட்டில் உட்காரவைத்துவிடலாம். எங்கள் இருவருக்கும் வேறு கனவே கிடையாது.

முதல் வகுப்பில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் காலேஜ் லேபில் தராசைக் கண்ணாடிப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள், உடைந்துவிடுமாம். பிராக்டிகல் பரீட்சையில் இது என்ன உப்பு என்று அட்டெண்டரே காதோடு சொல்லிவிட்டுப் போவார். நான் வேதியியல் படித்ததெல்லாம் லீவு நாட்களில், இன்னொரு கம்பெனியில் புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து அடைத்தபோதுதான். அதைத்தான் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

காசிராஜன் எடுத்ததுமே கேட்டார். "மருந்துல ஈரம் பட்டுச்சுன்னா என்னம்மா செய்வீக?"

எனக்குத் தெரியும். வெள்ளிப்பொடி என்பது அலுமினியத் தூள்தான், ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். தொடக் கூடாது, கிளறக் கூடாது, ஆட்களை வெளியே கூட்டிப் போய் போர்மேனிடம் சொல்ல வேண்டும். ஆனால், இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். அலுமினியமும் தண்ணீரும் சேர்கிற சமன்பாட்டை அடைப்புக்குறி விடாமல் ஒப்பித்தேன், மடச்சி.

"நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஷெட்டே போயிருமேம்மா," என்றார். "பட்டாசு ஷெட்டுப் பக்கம் போயிருக்கீகளா?"

"இல்ல சார்."

"அம்புட்டுப் பேரும் இப்படித்தான் வர்றாக. டிகிரி இருக்கு, வேல தெரியல."

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஏழெட்டு முகாம் ஏறி இறங்கினேன். சீசன் வந்ததும் அம்மாவே என்னைத் தன் கம்பெனிக்குக் கூட்டிப் போனாள், கூலிக்கு. அங்கே படித்தவர்களைக் கூலிக்குச் சேர்ப்பதில்லை, சட்டம் பேசுவார்களாம். போன வருசம் சோலைமலை மாமா தன் மகனின் டிகிரியை மறைத்துச் சேர்த்துவிட்டார். தெரிந்ததும் அப்பன், மகன் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்கள். அதனால் படிவத்தில் 'பத்தாவது பாஸ்' என்று என் கையாலேயே எழுதினேன். பொறுப்புக்கு அம்மா கையெழுத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் மழை தூறியது. ஷெட் மூலையில் ஒழுகியதை யாரும் கவனிக்கவில்லை. மருந்துத் தட்டு ஓரம் கறுத்திருந்தது. பக்கத்தில் போனபோது வெக்கை அடித்தது.

"தொடாதீக. எந்திரிச்சு வெளிய வாங்க."

கூட இருந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் போர்மேனிடம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஷெட் குப்பென்று எரிந்து அடங்கியது. ஒருவருக்கும் ஒரு காயமில்லை.

காசிராஜன் ஓடி வந்தார். தலையில் துண்டும் முகமெல்லாம் வெள்ளிப்பொடியுமாக நின்ற என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நாலு உசுரக் காப்பாத்திட்டியேத்தா," என்றார். "ஒரு டிகிரி மட்டும் இருந்திருந்தா ஒன்னைய லேபுல உக்கார வச்சிருப்பேன். அந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் கெடக்கு."

என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. முதல் வகுப்பு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூட்டத்தில் நின்ற அம்மா பக்கம் திரும்பினார்.

"என்ன பொன்னுத்தங்கம், பத்தாவதுன்னுல்ல எழுதிக் குடுத்திருக்கீக?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கம்பெனி கேட்டைப் பார்த்தாள். வேலையைத் திரும்பக் கேட்டு சோலைமலை மாமா அந்தக் கேட்டுக்கு வெளியேதான் ஒரு வாரம் நின்றார்.

"பத்தாவதுதான் அண்ணாச்சி. புள்ள பயந்துபோயி ஒளறுறா."

"பாவம். ஒரு டீ வாங்கிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைக்கலாம்தான். வைத்தால் அம்மா பொய்க் கையெழுத்துப் போட்டவள் ஆகிவிடுவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அம்மா மேல் வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்மா," என்றேன். "நாளைக்கும் ஒட்டத்தான போகுது."

அவள் என் நகக்கண்ணை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துப் போய் அலமாரியில் வைத்துவிட்டாள்.